டி.எஸ்.எச் பாதாளத்தில், டி4 உச்சத்தில், ஆளுக்கு ஒன்றும் இல்லை: ஹார்மோன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

#1 · வினாக்குறி

ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பேசலாம். வயது 34. டி.எஸ்.எச் (தைராய்டை வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) 0.02 (லேப் போட்டிருக்கும் எல்லை 0.4 – 4.0). ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோனில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பகுதி) மேல் எல்லையைப் போல ஒன்றரை மடங்கு. காகிதத்தின்படி தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது. ஆளைப் பார்த்தாலோ நாடி 72, விரல் நடுக்கம் இல்லை, எடை இறங்கவில்லை, கழுத்து வீங்கவில்லை, தூக்கமும் கெடவில்லை. தைராய்டு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.

இதை நம்பி, தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்கலாமா? கூடாது என்றால் முதலில் எதைத் தோண்ட வேண்டும்?

#2 · ஆய்வகப்பூனை

முதல் கேள்வி: முடி கொட்டுகிறது என்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?

முடி, நகம், தோல் என்று பெயர் போட்டு வருபவற்றில் பயோட்டின் என்ற பி வைட்டமின் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். சில நூறு மடங்கு அதிகம். உடம்பு அதைச் சிறுநீரில் தள்ளிவிட்டுப் போய்விடும், சோதனைக் கருவிதான் ஏமாறும்.

பல கருவிகள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தையும் ஊசியும் நூலும் போலப் பயன்படுத்துகின்றன. டி.எஸ்.எச் பெரிய மூலக்கூறு. அதை இரண்டு ஆன்டிபாடிகள் இருபுறமும் பிடிக்கின்றன. ஒன்றில் பயோட்டின் வால், மற்றதில் ஒளிரும் பொருள். பயோட்டின் வால் ஸ்ட்ரெப்டவிடின் மணியில் ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தைக் கழுவிவிட்டு ஒளியை அளப்பார்கள். ரத்தத்தில் பயோட்டின் மிதந்துகொண்டிருந்தால் மணியில் இருக்கும் இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும். டி.எஸ்.எச்சைப் பிடித்த ஆன்டிபாடி ஒட்ட இடமில்லாமல் கழுவலில் போய்விடும். ஒளி குறைவு, டி.எஸ்.எச் குறைவு என்று கருவி எழுதும்.

டி4 சிறிய மூலக்கூறு, இரண்டு பக்கம் பிடிக்க முடியாது. அதனால் அதற்குப் போட்டி முறை: ரத்தத்தில் உள்ள டி4உம் லேப் சேர்க்கும் டி4உம் ஒரே ஆன்டிபாடிக்கு மோதும். அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். ஆக ஒரே பயோட்டின், டி.எஸ்.எச்சைக் கீழே தள்ளி டி4ஐ மேலே தூக்குகிறது. இரண்டு பொய்களும் ஒரே நோயைக் காட்டுவதுதான் இதில் ஆபத்து. சில கருவிகளில் கிரேவ்ஸ் நோய்க்கான (உடம்பின் ஆன்டிபாடியே தைராய்டைத் தூண்டிவிடும் நோய்) டி.எஸ்.எச் ரிசெப்டர் ஆன்டிபாடி சோதனையும் போட்டி முறைதான். அதுவும் பொய்யாக பாசிட்டிவ் வந்தால் மூன்று சாட்சிகள் சேர்ந்து பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இது வெறும் தைராய்டு சங்கதியும் இல்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையில் பயோட்டின் அளவைக் குறைத்துக் காட்டி ஒரு உயிரிழப்பு நேர்ந்ததாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017இல் எச்சரிக்கை விட்டது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் ரசாயனத்தை மாற்றிவிட்டன. இந்த ஊசி-நூல் முறையே இல்லாத கருவிகளும் உண்டு. லேபிடம் கேட்டால் எந்த முறை என்று சொல்வார்கள்.

#3 · எதிர்க்கேள்வி

எல்லாவற்றையும் பயோட்டின் தலையில் கட்டிவிட்டுப் போக வேண்டாம். நாடி 72 என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) சாப்பிடுகிறவருக்கு நாடி ஏறாது, நடுக்கமும் தெரியாது. வயதானவர்களுக்கு படபடப்பே இல்லாமல் சோர்வும் எடைக்குறைவும் மட்டும் வருவதும் உண்டு. அமியோடரோன் (அயோடின் நிறைந்த இதயத் துடிப்பு மருந்து) சாப்பிடுகிறாரா, சமீபத்தில் அயோடின் கலந்த மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்தாரா என்பதையும் கேட்க வேண்டும்.

#4 · நாளமில்லாதவன்

சரியான குறுக்கீடு. என் வரிசை இதுதான்.

பயோட்டினை நிறுத்திவிட்டு 3 நாள் கழித்து அதே லேபில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். 5 – 10 மில்லிகிராம் சாப்பிடுகிறவருக்கு இது போதும். நரம்பு நோய்களுக்கு 100, 300 மில்லிகிராம் என்று எடுப்பவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இன்னும் அதிக நாள் வேண்டும். சாதாரண மல்டிவிட்டமினில் இருக்கும் 30 மைக்ரோகிராம் பொருட்டே இல்லை. இந்த முறை தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3யும் சேர்த்துப் பார்க்கவும்.

மறுபடியும் அதே முடிவு வந்தால் இது நிஜம். அடுத்தது, சுரப்பி அதிகம் *தயாரிக்கிறதா*, சேமித்து வைத்ததை *கசிய விடுகிறதா* என்று பிரிப்பது. பலர் வழுக்குவது இங்கேதான்.

தைராய்டு தன் ஹார்மோனைப் பல வாரங்களுக்குச் சேர்த்து வைக்கும் சுரப்பி. அழற்சி வந்தால் கிடங்குச் சுவர் இடிந்து சரக்கு ரத்தத்தில் கொட்டும். டி4 ஏறும், டி.எஸ்.எச் விழும், எல்லாம் கிரேவ்ஸ் போலவே இருக்கும். ஆனால் கார்பிமசோல் தடுப்பது தயாரிப்பை. கொட்டிக்கொண்டிருக்கும் சரக்கை அதனால் தடுக்க முடியாது. பயனில்லாத மருந்து, பக்கவிளைவு மட்டும் மிச்சம். படபடப்புக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்துக் காத்திருந்தால் கசிவு சில வாரங்களில் ஓயும், பிறகு கிடங்கு காலியாகி தைராய்டு குறைவு சிறிது காலம் வரும், பெரும்பாலோருக்கு அதன்பின் சரியாகும். பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டுக்குள் இது வரும். கழுத்து வலி, காய்ச்சலோடு வந்தால் வைரஸ் தொற்றுக்குப் பிந்தைய வகை, அதில் ஈ.எஸ்.ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) எகிறியிருக்கும்.

பிரிக்க உதவுவது டி.எஸ்.எச் ரிசெப்டர் ஆன்டிபாடி. அது இல்லை என்றால், உறிஞ்சும் ஸ்கேன்: சிறிது கதிரியக்கப் பொருளைக் கொடுத்து சுரப்பி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. கிரேவ்ஸில் சுரப்பி முழுக்க உறிஞ்சும், அழற்சியில் கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சாது. கர்ப்பிணிக்கு அந்த ஸ்கேன் கூடாது. பாலூட்டுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கார்பிமசோல் தொடங்குவதானால், மாத்திரை கையில் கொடுக்கும் அன்றே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்: தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்து, அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார். ஆயிரத்தில் சிலருக்குத்தான் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு) அடியோடு விழும், பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள். மாதாமாதம் ரத்தம் பார்ப்பதால் இதை நம்பகமாகப் பிடிக்க முடியாது, ஏனென்றால் இரண்டே நாளில் விழுந்துவிடும். அந்த ஒரு வாக்கியம்தான் காப்பாற்றும். கர்ப்பத்தின் முதல் 3 மாதத்தில் கார்பிமசோலைத் தவிர்த்து புரொபைல்தயோயுராசிலுக்குப் போவார்கள், அதைத் திட்டமிடும்போதே பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று: சிகிச்சை தொடங்கி டி4 சரியான பிறகும் டி.எஸ்.எச் சில மாதங்கள் எழுந்திருக்காது. அதைப் பார்த்து டோஸை ஏற்றினால் ஆளைத் தைராய்டு குறைவுக்குள் தள்ளிவிடுவீர்கள். அந்தக் காலத்தில் ஃப்ரீ டி4தான் அளவுகோல்.

#5 · வினாக்குறி

டி4 ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது, டி.எஸ்.எச் மட்டும் ஏன் நூறில் ஒரு பங்காக விழுகிறது?

#6 · ஆய்வகப்பூனை

பிட்யூட்டரி மிகைப்படுத்திப் பேசும் ஆள், அவ்வளவுதான். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச் நூறு மடங்கு வரை ஏறலாம். அதனால்தான் சிறு கோளாறுக்கும் டி.எஸ்.எச் முதலில் அசைகிறது, முதல் சோதனையாக அதை வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். இதையே திருப்பிப் பார்த்தால், டி.எஸ்.எச் 5இலிருந்து 7 ஆனது பெரிய செய்தி இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பின்னிரவில் அதிகமாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். ஒரு முறை காலை 7 மணிக்கும் அடுத்த முறை மாலை 4 மணிக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு "குறைந்துவிட்டது" என்று மகிழ்வதில் பொருளில்லை.

#7 · மாத்திரைப்பெட்டி

தைராய்டு குறைவுக்கு வரேன். டி.எஸ்.எச் இறங்க மாட்டேங்குது, டோஸை ஏத்திக்கிட்டே போறாங்கன்னு வர கேஸ்ல நிறைய, மருந்து போதாததால இல்லைங்க. போய்ச் சேராததாலதான்.

லெவோதைராக்சின், அதாவது டி4 மாத்திரை (சுருக்கமா தைராக்சின்), வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட. சாப்பிடுறதுக்கு 30 நிமிஷம் முன்னாடி, முடிஞ்சா 60. காபியும் சாப்பாடு கணக்குதான், உறிஞ்சுறதைக் குறைக்கும். காலையில முடியலைன்னா ராத்திரி படுக்கும்போது, கடைசியாச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சு. எந்த நேரம்னாலும் சரி, தினமும் அதே நேரமா இருக்கணும்.

இரும்பு மாத்திரை, கால்சியம், வயித்துப்புண்ணுக்கான அலுமினியம் கலந்த மருந்து, இதெல்லாம் 4 மணி நேரம் தள்ளி. இவை குடல்லயே தைராக்சினைக் கட்டிப் பிடிச்சுக்கும். கர்ப்பிணிங்க கிட்ட அடிக்கடி நடக்குற தப்பு இதுதான்: தைராக்சின், இரும்பு, கால்சியம் மூணும் ஒரே வாய்த் தண்ணியில போகும். ஒமெப்ரசோல் வகை மாத்திரை வேற மாதிரி. அது அமிலத்தையே குறைக்குறதால நேரம் தள்ளி எடுத்தாலும் பயனில்லை, 6 – 8 வாரத்துல டி.எஸ்.எச் பாத்து டோஸைச் சரி பண்ணணும்.

எவ்வளவுன்னா, சுரப்பி முழுசா போனவங்களுக்கு (அறுவை சிகிச்சை, கதிரியக்க அயோடினுக்கு அப்புறம்) எடை கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோன்னா 96, அதாவது 100 மைக்ரோகிராம் மாத்திரை. வயசானவங்க, இதய நோய் உள்ளவங்களுக்கு 12.5 இல்லைன்னா 25ல தொடங்கி மெதுவா. எடுத்த எடுப்புல முழு டோஸ் கொடுத்தா நெஞ்சு வலியைக் கிளப்பிவிட்ரும்.

டோஸ் மாத்தினா 6 வாரத்துக்கு முன்னாடி டி.எஸ்.எச் பாக்காதீங்க. தைராக்சினோட அரை ஆயுள் (ரத்தத்துல பாதியாக் குறைய ஆகுற நேரம்) சுமார் 7 நாள். புது அளவு ரத்தத்துல நிலைக்கவே 5 வாரம் கிட்ட ஆகும், அதுக்கப்புறம் பிட்யூட்டரி நம்பணும். 2 வாரத்துல பாத்து மாத்தி, திரும்ப 2 வாரத்துல பாத்து மாத்துனா ஊஞ்சல் ஆட்டம்தான்.

#8 · வினாக்குறி

ஒரு நாள் மறந்துவிட்டால்? இரட்டிப்பாக எடுக்கக் கூடாது என்றுதானே எல்லா மருந்துக்கும் சொல்வார்கள்?

#9 · மாத்திரைப்பெட்டி

இதுல அந்த விதி அவ்வளவு கறார் இல்லை. அரை ஆயுள் 7 நாள்ங்குறதால ஒரு நாள் விட்டதை மறுநாள் சேத்து எடுத்தாலும் பொதுவா ஒண்ணும் ஆகாது. இதயக் கோளாறு உள்ளவங்க மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம்.

இதே கணக்கு கர்ப்பத்துக்கும் உதவும். ஏற்கெனவே தைராக்சின் எடுக்குறவங்க, கர்ப்பம் உறுதியான அன்னிக்கே டோஸைக் கூட்டணும், முதல் செக்கப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதிலா 9, அதாவது ஏதாவது ரெண்டு நாள்ல ரெண்டு மாத்திரை. சுமார் 30 சதவீதம் கூடும். முன்கூட்டியே டாக்டர் கிட்ட பேசி வெச்சிருந்தா அன்னிக்கே தொடங்கலாம். பாதிக் கர்ப்பம் வரைக்கும் 4 வாரத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்கு இறங்கி, 6 வாரத்துல ஒரு தடவை பாக்கணும்.

#10 · ஆய்வகப்பூனை

மறந்து மறந்து சாப்பிடுகிறவர்களை ரிப்போர்ட்டே காட்டிக்கொடுக்கும்: டி.எஸ்.எச் 18, ஃப்ரீ டி4 மேல் எல்லையில். இரண்டும் ஒன்றாக உயர்ந்து நின்றால் குழம்ப வேண்டாம். பல வாரம் விட்டுவிட்டு, சோதனைக்கு முந்தின சில நாள் மட்டும் பக்தியாகச் சாப்பிட்டிருக்கிறார். டி4 நேற்றைய கதையைச் சொல்லும், டி.எஸ்.எச் கடந்த ஒன்றரை மாதக் கதையைச் சொல்லும். அதேபோல, சோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை. விழுங்கிய அடுத்த சில மணி நேரம் ஃப்ரீ டி4 தற்காலிகமாக ஏறி நிற்கும்.

#11 · எதிர்க்கேள்வி

டி.எஸ்.எச் 6, டி4 சரி, ஆளுக்கு "கொஞ்சம் சோர்வு". உடனே 50 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்து ஆயுள் முழுவதும் சாப்பிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சோர்வு யாருக்குத்தான் இல்லை? 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து நடந்து 2017இல் வெளியான ட்ரஸ்ட் ஆய்வில், இந்த வகையினருக்குத் தைராக்சின் கொடுத்தும் சோர்வோ மற்ற அறிகுறிகளோ போலி மாத்திரையைவிடக் குறையவில்லை. வயதாக ஆக டி.எஸ்.எச் இயல்பாகவே கொஞ்சம் ஏறும். 75 வயதுக்காரரின் 6ஐ 25 வயதுக்காரரின் எல்லையோடு ஒப்பிடுவதே பிழை.

#12 · நாளமில்லாதவன்

முதியவர்களுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வை எல்லோருக்கும் விரிக்காதீர்கள். கர்ப்பத்துக்கு முயல்கிறவர், டி.எஸ்.எச் 10ஐத் தாண்டியவர், டி.பி.ஓ ஆன்டிபாடி (தைராய்டையே குறிவைக்கும் ஆன்டிபாடி) அதிகம் இருந்து ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகிறவர், இவர்கள் வேறு.

4க்கும் 10க்கும் நடுவில் வந்தால் முதல் வேலை மருந்து எழுதுவதல்ல. 2 – 3 மாதம் கழித்து டி.பி.ஓ ஆன்டிபாடியோடு மறுபடி பார்ப்பது. கணிசமானோருக்கு மருந்தில்லாமலே இறங்கியிருக்கும், நோயிலிருந்து தேறும் கட்டத்தில் டி.எஸ்.எச் சில வாரம் ஏறி நிற்பது சகஜம். மருந்து தொடங்கினாலும் 3 – 4 மாதத்தில் டி.எஸ்.எச் சரியான பிறகும் சோர்வு அப்படியே இருந்தால், சோர்வுக்குக் காரணம் தைராய்டு இல்லை என்று ஒப்புக்கொண்டு நிறுத்தும் துணிச்சல் வேண்டும். ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு எல்லாம் அந்த மாத்திரையின் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும்.

#13 · வினாக்குறி

டி4 குறைவு, ஆனால் டி.எஸ்.எச் 1.8, "நார்மல்". இதைப் படிப்பது எப்படி?

#14 · நாளமில்லாதவன்

இந்த இழையிலேயே ஆபத்தான ரிப்போர்ட் இதுதான். டி4 குறைந்திருக்கும்போது டி.எஸ்.எச் கத்தியிருக்க வேண்டும். 1.8 என்று அமைதியாக இருப்பது நார்மல் இல்லை, மௌனம். பிட்யூட்டரி பழுது என்று சந்தேகப்பட வேண்டும்: கட்டி, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, தலைக்காயம், பிரசவத்தில் பெருமளவு ரத்தப்போக்கு (பின்னர் பால் சுரக்காமல், மாதவிலக்கு திரும்பாமல் இருக்கும்). கடும் நோயில் ஐ.சி.யூவில் கிடப்பவருக்கும் இப்படி வரும், அது வேறு கதை, அங்கே தேறும்வரை தைராய்டு சோதனையே எடுக்காமல் இருப்பது உத்தமம்.

பிட்யூட்டரி பழுது என்றால் தைராக்சின் தொடங்கும் முன் கார்ட்டிசோல் (சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பார்த்தாக வேண்டும். அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏ.சி.டி.எச் இல்லாமல் கார்ட்டிசோலும் குறைந்து ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கும் உடம்பில் தைராக்சினைக் கொடுத்தால், அது இருக்கும் கொஞ்சக் கார்ட்டிசோலையும் வேகமாகச் சிதைக்கும். ரத்த அழுத்தம் விழும், வாந்தி, மயக்கம், அட்ரினல் நெருக்கடி. முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்து வடிவக் கார்ட்டிசோல்), பிறகே தைராக்சின். இந்த வரிசை மாறக் கூடாது. பின்னாளில் இவருக்கு டோஸ் பார்க்க டி.எஸ்.எச் உதவாது, ஃப்ரீ டி4ஐ எல்லையின் மேல்பாதியில் வைத்துக்கொள்வதுதான் வழி.

#15 · எதிர்க்கேள்வி

கார்ட்டிசோல் என்றதும் "அட்ரினல் களைப்பு" என்று ஒரு கூட்டம் கிளம்புமே. எந்த நேரத்திலோ எடுத்த ஒரு கார்ட்டிசோல், ஒரு சப்ளிமென்ட் பட்டியல்.

#16 · ஆய்வகப்பூனை

அப்படி ஒரு நோய் உட்சுரப்பியலில் கிடையாது. நேரம் போடாத கார்ட்டிசோல் ரிப்போர்ட்டும் வீண்தான். காலை 8 மணி அளவில் உச்சம், நள்ளிரவில் கிட்டத்தட்ட பூஜ்யம். குறைவா என்று பார்க்கக் காலை 8 மணி ரத்தம், அதிகமா என்று பார்க்க நள்ளிரவு உமிழ்நீர். மாற்றிச் செய்தால் இரண்டிலும் பதில் கிடைக்காது.

காலை அளவு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை ஏறத்தாழ உறுதி. 15ஐத் தாண்டினால் பெரும்பாலும் இல்லை. நடுவில் நின்றால் 250 மைக்ரோகிராம் செயற்கை ஏ.சி.டி.எச் ஊசி போட்டு 30, 60 நிமிடத்தில் பார்ப்பார்கள், பழைய கருவிகளில் 18ஐத் தொட வேண்டும், புதியவற்றில் எல்லை இன்னும் கீழே. அதிகமா என்று பார்க்க இரவு 11 மணிக்கு டெக்ஸாமெதசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டு 1 மில்லிகிராம் விழுங்கி மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். 1.8க்குக் கீழே அடங்க வேண்டும்.

இரண்டு பொறிகள். கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசோலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டுகிறது, மொத்த அளவு பொய்யாக ஏறும். மற்றது, ஆஸ்துமா, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனைப் பல கருவிகள் கார்ட்டிசோல் என்றே எண்ணிவிடும். டெக்ஸாமெதசோன் அப்படிக் கலக்காது.

#17 · மாத்திரைப்பெட்டி

அந்த பிரெட்னிசோலோன்தாங்க நிஜ உலகத்துல அட்ரினலை அடக்குறது. பிட்யூட்டரிக் கட்டியெல்லாம் அரிது.

கணக்கு இது: ஹைட்ரோகார்ட்டிசோன் 20 = பிரெட்னிசோலோன் 5 = மெத்தில்பிரெட்னிசோலோன் 4 = டெக்ஸாமெதசோன் 0.75 மில்லிகிராம், தோராயமா. ஒரு நாளைக்கு உடம்பு தானா சுரக்குறதை ஈடுகட்ட பிரெட்னிசோலோன் 4 – 5 போதும். அதுக்கு மேல 3 – 4 வாரத்தைத் தாண்டி எடுத்தா, அட்ரினல் தூங்கிடுச்சுன்னே வெச்சுக்கணும். ஒரு வாரம் 40 எடுத்துட்டு நிறுத்துறது பிரச்சினை இல்லை. 3 மாசம் 10 எடுத்துட்டு திடீர்னு நிறுத்துறதுதான் பிரச்சினை.

மாத்திரைன்னு மட்டும் நினைக்காதீங்க. மூட்டுக்குள்ள போடுற ஊசி, அதிக டோஸ் இன்ஹேலர், உடம்பு பூராத் தடவுற வீரியமான க்ரீம், எல்லாத்துக்கும் இது பொருந்தும். ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலரோட ரிட்டோனவிர் (எச்.ஐ.வி மருந்து) இல்லைன்னா இட்ராகொனசோல் (பூஞ்சை மருந்து) சேந்தா, கல்லீரல் ஸ்டீராய்டை உடைக்க முடியாம உடம்புல தேங்கும். இன்ஹேலர்லயே முகம் உப்பிடும், அட்ரினலும் படுத்துடும். பெயர் இல்லாத வலிநிவாரணப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்குறதும் உண்டு. முகம் உப்பி, தொடை மெலிஞ்சு, தோல்ல ஊதாக் கோடு வந்த ஆளுக்குக் கார்ட்டிசோல் *குறைவா* வந்தா, அந்தப் பொடியைத் தேடுங்க.

#18 · வினாக்குறி

நீண்ட நாள் எடுத்தவர் எப்படிக் குறைப்பது?

#19 · நாளமில்லாதவன்

5 மில்லிகிராம் வரை இறக்குவதை அடிப்படை நோய் தீர்மானிக்கிறது, ஆஸ்துமாவா மூட்டுவாதமா என்பதைப் பொறுத்து. 5க்கு வந்த பிறகுதான் அட்ரினல் கணக்கு. அங்கிருந்து 4 வாரத்துக்கு 1 மில்லிகிராம் என்று இறக்கலாம். அல்லது கடைசி டோஸுக்கு 24 மணி நேரம் கழித்து, அன்றைய மாத்திரைக்கு முன் காலை கார்ட்டிசோல்: டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் நிறுத்தலாம். 5க்கும் 10க்கும் நடுவில் என்றால் அதே சிறு டோஸில் இருந்து, சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி. 5க்குக் கீழே என்றால் இன்னும் சில மாதம். ஓராண்டு எடுத்துக்கொள்ளும் அட்ரினலும் உண்டு.

குறைக்கும்போது வரும் உடம்பு வலி, சோர்வு எல்லாமே பற்றாக்குறையால்தான் என்று இல்லை. அதிக ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பு, அளவு குறைவதற்கே முரண்டு பிடிக்கும், கார்ட்டிசோல் சரியாக இருக்கும்போதே. அதற்கு மருந்து குறைக்கும் வேகத்தைத் தணிப்பதுதான்.

இந்தக் காலம் முழுவதும், அடிசன் நோயாளிகளுக்கு (அட்ரினலே அழிந்தவர்கள்) ஆயுள் முழுவதும், நோய் நாள் விதி பொருந்தும்: உடம்பு சரியில்லாத நாளில் டோஸைக் கூட்டுவது.

காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரட்டிப்பு, 39ஐத் தாண்டினால் மும்மடங்கு. காய்ச்சல் விட்ட பிறகு ஒன்றிரண்டு நாளில் பழைய டோஸ். பிரெட்னிசோலோன் 5 எடுப்பவர் காலை 5, மாலை 5.

மாத்திரை விழுங்கி அரை மணிக்குள் வாந்தி என்றால் மறுபடி ஒரு டோஸ். அதையும் வாந்தி எடுத்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. தொடைத் தசையில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி, உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சலைன், பிறகு 24 மணி நேரத்தில் 200 மில்லிகிராம். சோதனை முடிவுக்காக ஊசியைத் தாமதிக்கக் கூடாது. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு ஊசி போட்டுவிடலாம். தேவையில்லாமல் போட்ட ஒரு 100 மில்லிகிராமால் யாரும் சாவதில்லை.

ஸ்டீராய்டு எடுப்பவர் என்ற அட்டை பர்ஸில் இருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரால் சொல்ல முடியாதே.

#20 · எதிர்க்கேள்வி

அடிசனையும் பிட்யூட்டரி வகையையும் கண்ணால் பிரிக்க முடியும் என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். அடிசனில் அட்ரினலே அழிந்திருக்கிறது, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்சைக் கொட்டுகிறது, அதனால் உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு கறுக்கும். உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் போவதால் பொட்டாசியம் ஏறும். பிட்யூட்டரி வகையிலும் ஸ்டீராய்டு வகையிலும் கறுப்பும் இல்லை, பொட்டாசியமும் ஏறாது. ஆல்டோஸ்டிரோனை ஈடுகட்டும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தேவைப்படுவதும் அடிசனுக்கு மட்டுமே.

#21 · வினாக்குறி

புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) 48, எல்லை 25. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்கிறார்கள்.

#22 · ஆய்வகப்பூனை

அவசரமில்லை. ஊசிக்குப் பயந்தாலே ஏறும். கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதி செய்யவும். வாந்திக்கான டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைட், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறாரா? டி.எஸ்.எச் பார்த்தார்களா? தைராய்டு குறைந்தால் மூளையிலிருந்து வரும் டி.ஆர்.எச் புரோலாக்டினையும் சேர்த்துத் தூண்டும், தைராக்சின் கொடுத்தாலே இறங்கிவிடும். எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, சிறிது ஓய்வாக உட்கார்ந்த பின் மறுபடி எடுக்கலாம். அப்போதும் அதிகம், அறிகுறி இல்லை என்றால் மேக்ரோபுரோலாக்டின் பார்க்கச் சொல்லுங்கள். அது புரோலாக்டின் ஆன்டிபாடியோடு சேர்ந்து பெரிய மூலக்கூறாகச் சுற்றுவது, கருவி எண்ணும், உடம்பு கண்டுகொள்ளாது.

தலைகீழ் பொறியும் உண்டு. எம்.ஆர்.ஐயில் 3 சென்டிமீட்டர் கட்டி, புரோலாக்டின் வெறும் 90 என்றால் ரத்தத்தை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். புரோலாக்டின் மிக அதிகமாக இருந்தால் இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனியே நிறைத்துவிடும், இரண்டும் ஒரே மூலக்கூறை இருபுறமும் பிடிக்கும் கோர்வை உருவாகாமல் அளவு குறைந்து தெரியும். நீர்த்த பிறகு பல ஆயிரம் வரலாம். கேபர்கோலின் மாத்திரையில் சுருங்கும் கட்டியை அறுவை சிகிச்சைக்கு அனுப்பாமல் தடுக்க இந்த ஒரு வேலை போதும்.

#23 · வினாக்குறி

கடைசிப் புதிர். கால்சியம் 11.2, எல்லையைவிட அதிகம். பி.டி.எச் (கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன்) 52. பி.டி.எச் எல்லை 15 – 65, "நார்மல்" என்று அச்சாகியிருக்கிறது. ஆல்புமின் 4.

#24 · நாளமில்லாதவன்

#14இல் பார்த்த அதே மௌனத்தின் மறுபக்கம். கால்சியம் 11.2 இருக்கும்போது பாராதைராய்டு வாயை மூடி, பி.டி.எச் 15க்குக் கீழே போயிருக்க வேண்டும். 52 என்றால் அதுதான் குற்றவாளி. புற்றுநோயாலோ வைட்டமின் டி மிகுதியாலோ கால்சியம் ஏறியிருந்தால் பி.டி.எச் அடங்கியிருக்கும். ஆல்புமின் 4 என்பதால் திருத்தம் வேண்டாம், 4க்குக் கீழே ஒவ்வொரு 1 கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்ட வேண்டும்.

தயாசைடு (ரத்த அழுத்த மருந்து), லித்தியம் (மனநல மருந்து) சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். பிறகு கழுத்தில் கத்தி வைக்கும் முன் 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியமும் கிரியேட்டினினும். கால்சியம்-கிரியேட்டினின் கிளியரன்ஸ் விகிதம் 0.01க்குக் கீழே என்றால் பரம்பரையாக வரும் தீங்கற்ற வகையாக இருக்கலாம். அதில் சிறுநீரகம் கால்சியத்தை விடாமல் பிடித்து வைக்கிறது, பாராதைராய்டை அறுத்தும் பயனில்லை. 0.02க்கு மேல் என்றால் பெரும்பாலும் பாராதைராய்டுக் கட்டி. வைட்டமின் டி குறைவாக இருந்தால் விகிதம் பொய் சொல்லும், அதை முதலில் நிரப்பிவிடவும்.

#25 · மாத்திரைப்பெட்டி

அந்த 24 மணி நேரச் சிறுநீர்லதான் பாதிப் பேர் கோட்டை விடுவாங்க. காலையில எழுந்து போற முதல் சிறுநீர் கேன்ல சேராது, அதைக் கொட்டிட்டு மணியைக் குறிச்சுக்கணும், 6 மணின்னு வெச்சுக்குவோம். அதுக்கப்புறம் பகல், ராத்திரி எல்லாமே கேன்ல. மறுநாள் காலை அதே 6 மணிக்குப் போறது கடைசி, அது சேரும். கால்சியம் பாக்குற கேன்ல லேப் அமிலம் ஊத்திக் கொடுத்திருக்கும், அதைக் கழுவிடாதீங்க, நேரா அதுல போகவும் கூடாது, தனிப் பாத்திரத்துல பிடிச்சு ஊத்துங்க. நடுவுல ஒரு தடவை மறந்து போயிட்டு வந்துட்டா, கேனை லேபுக்குத் திருப்பிக் கொடுத்துட்டு வேற கேன் வாங்கி இன்னொரு நாள் முதல்லேருந்து.